மேடவாக்கத்திலிருந்து சேப்பாக்கம் எவ்வளவு தூரம்?

மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று யாரிடம் வழி கேட்டாலும் சரியாகச் சொல்லி விடுவார்கள். சொன்ன வழியில் போவதுதான் கஷ்டம். தாம்பரத்திலிருந்து வருகிறவர், வேளச்சேரியிலிருந்து வருகிறவர், பரங்கிமலையிலிருந்து வருகிறவர், சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர் என்று நாலு திசைக்காரர்களும் காலை ஒன்பது மணிக்கு இங்கே சந்தித்து, ஒருவரையொருவர் ஹாரனால் நலம் விசாரித்துக் கொள்வார்கள். 2022-ல் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். பாலத்தின் மேலே போகிறவர்களுக்கு மேடவாக்கம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. கீழே போகிறவர்களுக்கு உலகத்தில் வேறு ஊர் இருப்பதே மறந்து போகும்!

ஒரு காலத்தில் இது செங்கல்பட்டு ஜில்லாவின் சாதாரண ஏரிக்கரை கிராமம். இப்போது ஏரியைச் சுற்றி 'லேக் வியூ' என்று பெயர் வைத்த அபார்ட்மென்ட்கள். டிசம்பர் மழையில் வியூ பார்க்க ஜன்னல் பக்கம் போக வேண்டியதில்லை. ஏரியே கிரவுண்ட் ஃப்ளோருக்கு வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகும்.

நான் எழுத வந்தது டிராஃபிக்கைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அல்ல. இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மேடவாக்கத்தில் ஒரு சுற்று வந்து பாருங்கள். கோடையில் வற்றிய ஏரிப் படுகையில் நாலு மேட்ச் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரு டீமின் லாங் ஆன், இன்னொரு டீமின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பான். காலி மனைகளில் வேறு விதமான ஆட்டம். ரோஸ் கலர் வீட்டு மாடியில் விழுந்தால் அவுட், நாய் இருக்கிற வீட்டில் விழுந்தால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். ஆஃப் சைடில் கிணறு இருக்கிற மனையில் வளர்ந்த பேட்ஸ்மேன்கள் ஆயுசுக்கும் லெக் சைடில்தான் அடிக்கிறார்கள்.

மனைகள் குறைந்து கொண்டே வருகின்றன. போன வருஷம் மிட்விக்கெட்டாக இருந்த இடத்தில் இந்த வருஷம் செப்டிக் டேங்க். அதனால் ஆபீஸ் இளைஞர்கள் வலை போட்ட 'டர்ஃப்'புக்கு மாறி விட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் ஆடிவிட்டு, வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று போனில் அனுப்புகிறார்கள். மேட்சில் சண்டை வருவதில்லை. அனுப்பாதவன் யார் என்று கணக்குப் பார்க்கும்போதுதான் வருகிறது.

இதற்கெல்லாம் நடுவே இன்னொரு கூட்டம் உண்டு. வெள்ளை டிரஸ், முதுகை விடப் பெரிய கிட் பேக், முகத்தில் ஒரு வங்கித் தேர்வு எழுதுகிற சீரியஸ். கோச்சிங் பையன்கள்.

*

எங்கள் பக்கத்தில் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்து மூன்று வலை கட்டி ஒருவர் கோச்சிங் நடத்துகிறார். ஒரு காலத்தில் சென்னை லீகில் பாங்க் டீமுக்குப் பந்து போட்டவர். வலைக்கு வெளியே அப்பாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கள் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு ஓர் அப்பா கோச்சிடம் வந்தார். கிண்டியில் ஏதோ கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். பையனுக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் இல்லை என்று கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"கோச் சார், ஒரே ஒரு கேள்வி. மறைக்காம சொல்லுங்க. இவனுக்கு சான்ஸ் இருக்கா?"

"எதுக்கு சார் சான்ஸ்? ஸ்கூல் டீமா, லீகா, ரஞ்சியா?"

"இந்தியாவுக்கு சார். டெஸ்ட் மேட்ச்."

கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சார், இங்கேருந்து சேப்பாக்கம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அங்கேருந்து இந்தியா டீம் எவ்வளவு தூரம்னு எந்தக் கண்டக்டரும் டிக்கெட் கிழிக்க மாட்டான்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி விடாமல் ஒட்டிக் கொண்டது. அடுத்த லீவு நாளில் சேப்பாக்கத்துக்கே கிளம்பினேன். அந்தத் தூரத்தை யார் யார் எப்படிக் கடந்தார்கள் என்று வழி முழுக்க யோசித்துக் கொண்டே.

*

முதலில் ஒரு கணக்கு. ரஞ்சி டிராபியில் இப்போது 38 அணிகள். பதினோரு பேர் வீதம் 418 பேர். டெஸ்ட் டீமிலும் பதினோரு பேர்தான். 1932-ல் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியபோதும் பதினொன்று, இன்றைக்கும் பதினொன்று. ரேஷன் கார்டில் பெயர்கள் கூடிக் கொண்டே போகின்றன. அரிசி அளவு அதேதான்.

பஸ் பள்ளிக்கரணையைத் தாண்டியது. ஒரு பக்கம் குப்பை மேடு. இன்னொரு பக்கம் 2022-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம் பிடித்த சதுப்பு நிலம். நூற்றுக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள் சாவதானமாக நிற்கின்றன. தேர்வுக் குழு பற்றிய கவலை இல்லாத ஜீவன்கள்.

இதே செங்கல்பட்டு ஜில்லாவில், மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909-ல் பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் மெட்ராசும் மைசூரும் மோதிய ரஞ்சி டிராபியின் முதல் மேட்சில், முதல் பந்தைப் போட்டவர் அவர்தான். கிரிக்கெட் மட்டுமல்ல, ஹாக்கியிலும் அசகாய சூரர். 1936-ல் ஒரே சமயத்தில் இரண்டு கதவு திறந்தது. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. இன்னொன்று, இங்கிலாந்துக்கு கிரிக்கெட் டூர். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் தியான் சந்த் தலைமையில் தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. கோபாலனுக்கு அந்த இங்கிலாந்து டூரில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட்.

அந்த முதல் ரஞ்சி மேட்சில் இன்னொருவரும் இருந்தார். ஏ.ஜி. ராம்சிங். மெட்ராஸின் சர்தார்ஜி, இடது கைக்காரர். மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. காலையில் ஆரம்பித்த மேட்ச் சாயங்காலம் டிபன் நேரத்துக்குள் முடிந்து போனது. ராம்சிங் எடுத்தது 19 ரன்னுக்கு 6 விக்கெட், 16 ரன்னுக்கு 5 விக்கெட். ரஞ்சி டிராபியில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் முதன்முதலாகச் சேர்த்தவரும் அவர்தான்.

அவர் எத்தனை டெஸ்ட் ஆடினார்? பூஜ்யம்!

ஆடத் தெரியாமலா? டெஸ்ட்டே இல்லை ஸார்! 1932-லிருந்து 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட்கள் மொத்தமே 7. அதற்கப்புறம் பத்து வருஷம், 1946 வரை ஒன்றுகூட இல்லை. நடுவில் உலக யுத்தம். 2010-ம் வருஷம் ஒன்றில் மட்டும் இந்தியா 14 டெஸ்ட் ஆடியிருக்கிறது. ராம்சிங் இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்தாறு வயது வரை ரஞ்சியில் விக்கெட் எடுத்துக் கொண்டே இருந்தார். கடை திறக்கவே இல்லை. அவருடைய மகன்கள் கிருபாள் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். கிருபாள் சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்ட்டிலேயே செஞ்சுரி அடித்தார். அப்பா வாங்க முடியாத டிக்கெட்டில் பிள்ளைகள் பயணம் போனார்கள்.

*

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினேன். 'பறக்கும்' என்பது தரையிலிருந்து உயரத்தைக் குறிக்கிறது, வேகத்தை அல்ல. பெருங்குடி, தரமணி என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரைத்தான் காணோம். திருவான்மியூரில் டைடல் பார்க் ஆசாமிகள் கழுத்தில் அடையாள அட்டையுடன் இறங்கிப் போனார்கள். என் பக்கத்தில் இருந்தவர் போனில் யாரிடமோ, "நாலு வருஷமா நான்தான் வேலை பார்க்கறேன். சீட் காலியாகலைன்னா ப்ரமோஷன் எங்கேருந்து வரும்?" என்று புலம்பிக் கொண்டு வந்தார்.

அவர் கிரிக்கெட் பேசவில்லை. ஆனால் என் கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார்.

டெஸ்ட் செலக்ஷன் என்பது முப்பத்தைந்து மார்க் வாங்கினால் பாஸ் என்கிற பரீட்சை இல்லை. அது வேகன்ஸி. நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பது பாதி. நீங்கள் ஆடுகிற வருஷத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மீதி.

வி.வி. குமாரை எடுத்துக் கொள்ளுங்கள். லெக் ஸ்பின்னர். முதல்தர கிரிக்கெட்டில் 599 விக்கெட். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்தது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். லெக் ஸ்பின் நாற்காலியில் அப்போது இருந்தவர் சுபாஷ் குப்தே. மகா வித்வான்.

1961 டிசம்பரில் அந்த நாற்காலி திடீரென்று காலியானது. டெல்லி ஹோட்டலில் குப்தேயின் ரூம்மேட், நம் கிருபாள் சிங். ரிசப்ஷனில் இருந்த பெண்ணை அவர் போனில் கூப்பிட்டுப் பேசியது புகாராகி, இரண்டு பேரையுமே டீமிலிருந்து நீக்கினார்கள். குப்தே செய்த குற்றம், அதே ரூமில் தங்கியது. அதற்கப்புறம் அவர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. (ரூம்மேட் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கும்படி திருவல்லிக்கேணி மேன்ஷன் நண்பர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.) இடம் காலியாகியும் குமாரைத் திரும்பக் கூப்பிடவில்லை. 1964 ஜனவரியில் சந்திரசேகர் வந்து உட்கார்ந்தார். கதை முடிந்தது.

உட்கார்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர். 1974-ல் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக டெல்லி டெஸ்ட்டில் இந்தியாவுக்கே கேப்டன். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். அங்கே அவர் பன்னிரண்டாவது ஆள்! போன வாரம் மானேஜர். இந்த வாரம் டிரிங்க்ஸ் டிரே.

வெளியூர்க்காரர்கள் கதை இன்னும் உருக்கம். 1972-73 ரஞ்சி ஃபைனல், சேப்பாக்கம். பம்பாயின் இடது கை ஸ்பின்னர் பத்மாகர் ஷிவால்கர் தமிழ்நாட்டை 80 ரன்னுக்கும் 61 ரன்னுக்கும் சுருட்டினார். 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5. ஹரியானாவின் ராஜீந்தர் கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட்; இந்த ரிக்கார்டை யாரும் முறியடிக்கவில்லை. இரண்டு பேரும் டெஸ்ட் ஆடவில்லை. காரணம் ஒரே வார்த்தை: பேடி. ஒரே ஒரு தடவை, 1974-ல் பெங்களூர் டெஸ்ட்டுக்கு பேடியை ஒழுங்கு நடவடிக்கையாக வெளியே வைத்தார்கள். கோயலை வரவழைத்தார்கள். கோயல் வந்தார். மேட்ச் காலையில் பதினோரு பேரில் அவர் பெயர் இல்லை.

*

ரயில் கோட்டூர்புரம் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாயை மோப்பம் பிடித்தபடி மயிலாப்பூருக்குள் நுழைந்தது. இங்கே கொஞ்ச நேரம் பேட்ஸ்மேன்களைப் பார்ப்போம்.

1996-லிருந்து இந்திய மிடில் ஆர்டர் ஒரு கூட்டுக் குடும்பம். டெண்டுல்கர் ஏற்கனவே 1989-லேயே குடி வந்து விட்டார். 1996 ஜூனில் லார்ட்ஸில் கங்குலியும் திராவிடும், அதே நவம்பரில் லட்சுமணும் வந்து சேர்ந்தார்கள். கங்குலி கிளம்பியது 2008-ல். திராவிடும் லட்சுமணும் 2012-ல். டெண்டுல்கர் 2013-ல்தான் வீட்டைக் காலி செய்தார். நாலு பேரும் அப்படி ஆடினார்கள். யாரை எழுந்திருக்கச் சொல்ல முடியும்?

அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர் ஸ்ரீதரன் சரத். தமிழ்நாட்டு இடது கை பேட்ஸ்மேன். முதல்தர கிரிக்கெட்டில் 8,700 ரன், 27 செஞ்சுரி, சராசரி 51-க்கு மேல். நூறு ரஞ்சி மேட்ச் ஆடிய முதல் தமிழ்நாட்டுக்காரர். டெஸ்ட்? இல்லை. பம்பாயில் அமோல் மஜும்தார் 11,167 ரன் குவித்தார். டெஸ்ட் இல்லை. 1988-ல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஸ்கூல் மேட்சில் 664 ரன் பார்ட்னர்ஷிப் போட்டபோது, அடுத்ததாக இறங்கப் பேட் கட்டிக் கொண்டு காத்திருந்த பையன் அவர்தான். அன்றைக்கு ஆரம்பித்த காத்திருப்பு!

பத்ரிநாத் கதை நமக்குத் தெரிந்ததுதான். 10,245 ரன், 32 செஞ்சுரி, சராசரி 54. ஆபீஸ் பாஷையில் சொன்னால் அவருக்குக் கிடைத்தது லீவ் வேகன்ஸி. 2010 பிப்ரவரியில் திராவிடுக்கும் லட்சுமணுக்கும் ஒரே சமயத்தில் காயம். நாக்பூரில், இருபத்தொன்பது வயதில், டேல் ஸ்டெயின் தீயாகப் பந்து போட்டுக் கொண்டிருந்தபோது இறங்கினார். 56 அடித்தார். அடுத்த இன்னிங்ஸ் 6. அடுத்த டெஸ்ட்டில் கல்கத்தாவில் 1. லீவில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான். மொத்தம் 2 டெஸ்ட்.

லீவ் வேகன்ஸியில் நுழைந்து பெர்மனென்ட் ஆனவரும் உண்டு. 2008 நவம்பர், நாசிக். மகாராஷ்டிராவுக்கு எதிராகத் தமிழ்நாட்டின் ஓப்பனர்கள் முரளி விஜயும் அபினவ் முகுந்தும் முதல் விக்கெட்டுக்கு 462 ரன் சேர்த்தார்கள். விஜய் 243, அபினவ் அவுட் ஆகாமல் 300. அதே சமயம் டெல்லி டெஸ்ட்டில் ஷேன் வாட்சனை முழங்கையால் இடித்ததற்காக கௌதம் கம்பீருக்கு ஒரு டெஸ்ட் தடை. நாக்பூருக்கு ஓர் ஓப்பனர் தேவை. ரஞ்சி மேட்ச் நடந்து கொண்டிருக்கும்போதே விஜய்க்கு அழைப்பு வந்தது. பாதி மேட்சில் கிளம்பிப் போய் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 33, 41 அடித்தார். பிற்பாடு 61 டெஸ்ட், 12 செஞ்சுரி என்று வளர்ந்தார். அதே பிட்ச்சில் அதே பந்துகளை ஆடி 300 எடுத்த அபினவுக்கு முதல் டெஸ்ட் 2011-ல்தான் கிடைத்தது. மொத்தம் 7 டெஸ்ட்.

இதில் யார் மேல் தப்பு? விஜய் மேலா? அவர் கிடைத்த இடத்தைத் தன் ஆட்டத்தால் காப்பாற்றினார். அபினவ் மேலா? முந்நூறுக்கு மேல் என்ன அடிப்பது? ஓர் ஆஸ்திரேலியரின் விலாவில் ஒரு டெல்லிக்காரரின் முழங்கை பட்டது. அந்த ஒரு வேகன்ஸிக்கு ஒருவரைத்தான் கூப்பிட முடியும்.

அப்படியானால் எல்லாமே அதிர்ஷ்டம்தானா என்று கேட்காதீர்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது நெட் பௌலராக. வலையில் பந்து போட்டுக் கொடுக்கிற உத்தியோகம். ஒவ்வொருவராகக் காயம்பட்டுச் சாய, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் அவரும் வாஷிங்டன் சுந்தரும் ஒன்றாக அறிமுகம் ஆனார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன் வேறு. இந்தியா ஜெயித்தது. அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது உண்மை. ஆனால் தட்டினபோது தூங்காமல் இருக்க வேண்டுமே! அதே நடராஜனுக்கு அதுதான் ஒரே டெஸ்ட் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சீக்கிரம் கிடைப்பதும் வரம் இல்லை. எல். சிவராமகிருஷ்ணன் 1983-ல் பதினேழு வயதில் டெஸ்ட் ஆடினார். அடுத்த வருஷம் பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டை அள்ளினார். இருபதாவது வயதில் கடைசி டெஸ்ட். நம்மில் பல பேர் முதல் இன்டர்வியூவுக்கு ஷர்ட் தேடுகிற வயதில் அவர் ரிட்டயர் ஆனவர் மாதிரி ஆகி விட்டார்.

*

சேப்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்தே ஸ்டேடியம் தெரிகிறது. இறங்கி வெளியே வந்து சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தேன். வாலாஜா சாலைப் பக்கம் ஒரு இளநீர்க்காரர். "மேட்ச் எதுவும் இல்லையே சார்?" என்றார். "இல்லைன்னுதான் வந்தேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி 1952 பிப்ரவரியில் இந்த மைதானத்தில்தான். 2016 டிசம்பரில் கருண் நாயர் அவுட் ஆகாமல் 303 அடித்ததும் இங்கேதான். அடுத்த டெஸ்ட்டில் அவருக்கு இடம் இல்லை. காயத்திலிருந்து ரஹானே திரும்பி விட்டார். முந்நூறு அடித்தவனுக்கே சீட் கன்ஃபர்ம் இல்லாத ரயில் இது.

இன்னொரு விசேஷம். தமிழ்நாடு ரஞ்சி டிராபியை இரண்டு தடவை ஜெயித்திருக்கிறது. 1954-55-ல் இந்தூரில் ஹோல்கரைத் தோற்கடித்து ஒரு தடவை; 1987-88-ல் இதே சேப்பாக்கத்தில் ரயில்வேயைத் தோற்கடித்து ஒரு தடவை. முதல் கேப்டன் பாலு அளகனன். இரண்டாவது கேப்டன், இடது கை ஸ்பின்னர் எஸ். வாசுதேவன். இருவருமே டெஸ்ட் ஆடாதவர்கள்! ஸ்ரீகாந்த், வெங்கட்ராகவன், அஸ்வின் என்று நாம் பெருமையாகச் சொல்கிற ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இந்த இரண்டு பேரையும் எழுதி வைக்க வேண்டும். கோப்பையைத் தூக்கியது அவர்கள் கை.

அந்தக் காலத்தில் இவர்களுக்கெல்லாம் சோறு போட்டது ஆபீஸ். பாங்க், ரயில்வே, போலீஸ், கம்பெனி டீம். காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்து, மத்தியானம் மேட்ச். இன்றைக்கு நிலைமை வேறு. 2021-ல் கிரிக்கெட் போர்டு அறிவித்த கணக்குப்படி, ரஞ்சியில் ஆடும் பதினோரு பேருக்கு ஒரு நாளைக்கு 40,000-லிருந்து அனுபவத்தைப் பொறுத்து 60,000 ரூபாய் வரை. நாலு நாள் மேட்ச் ஒன்றை நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். நான் பெருக்கிப் பார்த்து விட்டு என் சம்பள ஸ்லிப்பை மடித்து உள்ளே வைத்து விட்டேன். ஐ.பி.எல். வேறு இருக்கிறது. டெஸ்ட் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்ற நிலைமை மாறி விட்டது. ஆனால் அந்தத் தொப்பி மட்டும் அதே பதினொன்றுதான். 2023-24 ரஞ்சியில் 53 விக்கெட் எடுத்து எல்லோரையும் முந்திய நம் கேப்டன் சாய் கிஷோருக்கு அதற்கடுத்த வருஷமும் டெஸ்ட் அழைப்பு வரவில்லை. அவர் போடுவதும் இடது கை ஸ்பின். அந்த நாற்காலியில் அப்போது ஜடேஜா!

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால், கிண்டி அக்கவுன்ட்ஸ்காரருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது. இந்தியாவுக்கு ஆட சான்ஸ் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஃபீஸ் வாங்குகிறவராக இருப்பார். லீகில் நல்ல டீமுக்கு ஆட, ஸ்டேட் செலக்ஷன் வரை போக, பையன் கையில் பாதி இருக்கிறது. அதற்கு மேலே இருப்பது பையன் கையில் இல்லை. அதனால் அவன் ஸ்கூலுக்கும் போகட்டும். வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர்கள். அஸ்வின் படித்தது மேடவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், காலவாக்கம் எஸ்.எஸ்.என். காலேஜில். படித்ததால் அவருடைய கேரம் பந்து திரும்பாமல் போய் விடவில்லை. 537 டெஸ்ட் விக்கெட்.

ஆடாமல் போனவர்கள் என்ன ஆனார்கள்? மஜும்தார் இந்திய மகளிர் அணிக்குக் கோச் ஆனார். 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் அந்த அணி உலகக் கோப்பையை ஜெயித்தது. இந்தியா டிரஸ்ஸில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர், இந்தியாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தார்.

நம் சரத்? தேர்வுக் குழுவின் கண்ணில் கடைசி வரை படாத சரத், 2023-ல் அதே தேசியத் தேர்வுக் குழுவில் உறுப்பினர் ஆனார். 2025 மே மாதம் இங்கிலாந்து டூருக்கு டீம் எடுத்தபோது அந்த அறையில் அவரும் இருந்தார். கோஹ்லியும் ரோஹித்தும் டெஸ்ட்டை விட்டு விலகியிருந்த நேரம். இரண்டு நாற்காலிகள் நிஜமாகவே காலி. எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் சென்னையின் இடது கை பேட்ஸ்மேன், இருபத்து மூன்று வயது சாய் சுதர்சன். ஜூன் 20-ம் தேதி லீட்ஸில் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 30. அந்த முடிவில் யார் எவ்வளவு பேசினார்கள் என்பது மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த விஷயம். ஆனால் எட்டாயிரத்து எழுநூறு ரன் அடித்தும் கூப்பிடப்படாத ஓர் இடது கைக்காரர், இன்னொரு இடது கைக்காரரின் பெயர் எழுதப்படும்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம். ராம்சிங்குக்குப் பிள்ளைகள் மூலம் கிடைத்தது சரத்துக்கு இப்படிக் கிடைத்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சீசனில் சேப்பாக்கத்தில் ரஞ்சி மேட்ச் நடந்தால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். (பாட்டியைச் சாகடிக்க வேண்டாம், கேஷுவல் லீவே போதும்.) பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. கேலரியில் கால் நீட்டிக் கொண்டு, வேர்க்கடலை தின்று கொண்டு பார்க்கலாம். ஐந்தாம் நம்பரில் ஒருவர் வந்து நின்று, நாலு மணி நேரம் சத்தம் போடாமல் ஆடி, எழுபது ரன் எடுப்பார். அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

கொஞ்சம் பலமாகவே கை தட்டுங்கள். காலி ஸ்டேடியத்தில் பத்துப் பேர் தட்டினாலும் பிட்ச் வரைக்கும் கேட்கும்.